கையெழுத்துப் போடாத விண்ணப்பம்

போன மாதம் ஒரு சனிக்கிழமை மாலை காலாப்பட்டுக்குப் போயிருந்தேன். என் பேத்தி அங்கே பல்கலைக்கழகத்தில் நாடகத் துறையில் முதுகலை படிக்கிறாள். இரண்டாம் வருடம். அவள் வகுப்புப் பிள்ளைகள் ஒரு நாடகம் போட்டார்கள். பெரியவன், அதாவது அவளுடைய அப்பா, என்னைக் காரில் கூட்டிக்கொண்டு போனான்.

நாடகம் நடிக்க ஒரு எம்.ஏ. படிப்பா என்று கேட்கும் நண்பர்கள் எனக்கு நிறையப் பேர் உண்டு. கடற்கரையில் காலையில் நடக்கும்போது கேட்பார்கள். கேட்பதில் தப்பில்லை. முப்பது வருடத்துக்கு முன்னால் நானும் அதையேதான் கேட்டேன். கேட்டதோடு நிற்காமல் ஒரு காரியமும் செய்தேன். அதைப் பற்றி இதுவரை எங்கும் எழுதவில்லை. இன்று எழுதுகிறேன்.

அது 1995. பெரியவன் பி.காம். முடித்திருந்தான். அவனுக்கு நாடகப் பித்து பிடித்தது அறிவொளி இயக்கத்தால். தொண்ணூறாம் வருட வாக்கில் நம் புதுவையில் அறிவொளிக்காரர்கள் தெருத்தெருவாக வந்து வீதி நாடகம் போட்டது பலருக்கும் நினைவிருக்கும். மேடை கிடையாது, திரை கிடையாது, தோளில் ஒரு துண்டு, கையில் ஒரு பறை. கூட்டம் வட்டமாக நின்று பார்க்கும். பதினாறு வயதுப் பையன், அவர்கள் பின்னாலேயே குப்பம் குப்பமாகச் சுற்றினான். கல்லூரியிலும் அதே வேலை. படிப்பு முடிந்ததும் ஒரு நாள் இரவு, நான் சாப்பிட்டுவிட்டு மேசையில் உட்கார்ந்து வீட்டுக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தபோது, ஒரு விண்ணப்பத்தைக் கொண்டுவந்து வைத்தான். சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளி. நாடகத்தில் முதுகலை. கடைசிப் பக்கத்தில் பெற்றோர் கையொப்பத்துக்கு ஒரு கட்டம் இருந்தது.

நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஆடறதுக்குப் பட்டம் எதுக்குடா? படிச்சிட்டு என்ன வேலைக்குப் போவே?" என்றேன். அவன் பதில் சொல்லாமல் நின்றான். கொஞ்ச நேரம் நின்றான். பிறகு உள்ளே போய்விட்டான். விண்ணப்பத்தைக் கணக்கு நோட்டுக்குள் வைத்து மூடினேன். கடைசித் தேதி தாண்டும்வரை அது அங்கேயே இருந்தது. நானும் பேச்சை எடுக்கவில்லை, அவனும் எடுக்கவில்லை. அடுத்த வருடம் ஒரு இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை கிடைத்தது. போனான். இன்றுவரை அங்கேதான் இருக்கிறான்.

எனக்கு நாடகமே பிடிக்காது என்று நினைத்துவிட வேண்டாம். நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். பள்ளிக்கூடத்தில் மோலியேர் நாடகம் பாடத்திலும் உண்டு, ஆண்டு விழாவிலும் உண்டு. ஒரு வருடம் 'லாவார்' போட்டோம். பணத்தைத் தோட்டத்தில் புதைத்து வைத்துவிட்டு, அது களவு போனதும் தலையில் அடித்துக்கொண்டு அழும் கஞ்சன் கதை. எனக்கு வேடம் கிடைக்கவில்லை. குரல் கீச்சுக் குரல். அதனால் என்னை சூஃப்ளேர் ஆக்கினார்கள். திரைக்குப் பின்னால் புத்தகத்தோடு உட்கார்ந்து, மறந்தவனுக்கு அடி எடுத்துக் கொடுக்கிற ஆள். மெத்ர் ஒரு தடித்த கோலைக் கையில் கொடுத்து, ஆரம்பத்தில் பலகையை மூன்று தரம் தட்டச் சொன்னார். பிரான்சில் அப்படித் தட்டித்தான் திரையைத் தூக்குவார்களாம். டக், டக், டக். அரங்கம் அப்படியே அமைதியாகிவிடும். நான் மேடை ஏறாவிட்டாலும் அந்த மூன்று தட்டு என்னுடையது என்று பெருமையாக இருந்தேன்.

ஆக, நாடகம் பிடிக்கும். ஆனால் நாடகம் ஆண்டு விழாவோடு சரி, பிழைப்பு வேறு என்பது என் புத்தி. நம் ஊரில் வேறு எப்படி இருக்கும்? சர்க்கார் உத்தியோகம் என்றால்தான் பெண் கொடுப்பார்கள்.

இத்தனைக்கும் அந்தப் பள்ளிக்கு யார் பெயரை வைத்திருக்கிறார்கள் என்று நான் யோசித்ததே இல்லை. சங்கரதாஸ் சுவாமிகள் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், 1867-இல் பிறந்தவர். ஆனால் காலமானது நம் ஊரில், 1922 நவம்பர் 13. கருவடிக்குப்பத்தில் அவர் சமாதி இருக்கிறது. நாடகக்காரர்கள் நினைவு நாளுக்கு வந்து கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். அவர் முதலில் நடிகர். எமன், சனீஸ்வரன் என்று பயங்கர வேடங்கள் கட்டுவார். அவருடைய வேடத்தைப் பார்த்த ஒரு கர்ப்பிணிப் பெண் பயத்தில் மயங்கி விழுந்து கரு கலைந்துவிட்டதாகவும், அதற்குப் பிறகு நடிப்பதையே விட்டுவிட்டதாகவும் சொல்வார்கள். விட்டவர் என்ன செய்தார்? வாத்தியார் ஆனார். நாடகம் எழுதினார், பிள்ளைகளைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்தார். 1918-இல் மதுரையில் அவர் தொடங்கிய பாலர் சபையில் சேர்ந்தவர்கள்தான் டி.கே.எஸ். சகோதரர்கள். அவ்வை சண்முகம் என்று நம் தலைமுறை கொண்டாடியவருக்கு அவர்தான் குரு. கடைசிக் காலத்தில் பக்கவாதம் வந்து பேச்சுப் போய்விட்டது. அத்தனை வசனம் எழுதிய மனுஷருக்கு.

அந்த நாளில் ஏழைப் பிள்ளைகளை நாடகக் கம்பெனியில் சேர்த்துவிடுவார்கள். சோறும் துணியும் கம்பெனி போடும். பாட்டு, வசனம், நடை, அடவு எல்லாம் வாத்தியார் சொல்லிக் கொடுப்பார். பிழை விட்டால் பிரம்படி. மேடையின் பின்னால் படுதாக்கள் வரிசையாகத் தொங்கும். ஒன்றில் தெரு எழுதியிருக்கும், ஒன்றில் அரண்மனை, ஒன்றில் தோட்டம். எந்த நாடகமானாலும் அதே தெரு, அதே தோட்டம்தான். அரிச்சந்திரன் நின்ற தோட்டத்தில் மறுநாள் வள்ளி நிற்பாள். நடிப்பைச் சொல்லித்தர வாத்தியார் இருந்தார். மேடையில் என்ன இருக்க வேண்டும், ஏன் இருக்க வேண்டும் என்று சொல்லித்தர ஆள் இல்லை.

அந்தக் கம்பெனிகள் எல்லாம் போய், வாத்தியார்களும் போனபின், எண்பதுகளின் கடைசியில்தான் பல்கலைக்கழகத்தில் இந்தப் பள்ளி வந்தது. எழுத்தாளர் இந்திரா பார்த்தசாரதி முதல் இயக்குநராக வந்தார். 'நந்தன் கதை', 'ஔரங்கசீப்' நாடகங்களை எழுதியவர். பிறகு கே.ஏ. குணசேகரன் போன்றவர்கள் இருந்தார்கள். நாட்டுப்புறப் பாட்டை மேடையில் எடுத்துப் பாடினால் கூட்டம் அசையாது. இவ்வளவும் நம் ஊரில், வீட்டிலிருந்து பஸ் ஏறினால் அரை மணியில் போய்ச் சேரும் இடத்தில் நடந்தது. நான் ஒரு நாளும் போனதில்லை.

பேத்தி ஆங்கில இலக்கியம் முடித்துவிட்டு நாடகம் படிக்கப் போகிறேன் என்றபோது வீட்டில் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. பெரியவன்தான், "படிக்கட்டும்" என்றான். ஒரே வார்த்தை. அவள் அகில இந்திய நுழைவுத் தேர்வு எழுதினாள், எல்லாம் கம்ப்யூட்டரிலேயே முடிந்தது. தாத்தா கையெழுத்துக்கு வேலையே இல்லை.

நடிப்புப் படிப்பு என்றால் வசனம் மனப்பாடம் செய்வது என்று நினைத்திருந்தேன். முதல் வருடம் அவள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் கை காய்த்திருக்கும், முழங்கால் சிராய்த்திருக்கும். காலையில் உடற்பயிற்சி. மூச்சுப் பயிற்சி. இரண்டு பேர் எதிரெதிரே நின்று, ஒருத்தர் செய்வதை மற்றவர் கண்ணாடி போலச் செய்கிற பயிற்சி. சாயங்காலம் சுத்தியலும் ஆணியும். நடிக்கிறவர்களும் பலகை அறுக்க வேண்டும், விளக்கு கட்ட வேண்டும். "ஏன் கண்ணு, இதுக்கெல்லாம் ஆளு இல்லையா?" என்று என் வீட்டுக்காரி கேட்டாள். "நாங்கதான் ஆயா ஆளு" என்றாள்.

இதைக் கேட்டபோது எனக்கு ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. பிரான்சில் ஸ்த்ராஸ்பூர் நகரத்தில் ஒரு நாடகப் பள்ளி இருக்கிறது. மிஷேல் சேன் தெனி என்பவர் தொடங்கியது. இவர் ழாக் கொப்போ என்ற பெரிய நாடகக்காரரின் மருமகப்பிள்ளை முறை, அக்கா தங்கை பிள்ளை. லண்டனில் இரண்டு பள்ளிகள் நடத்திவிட்டு, பிறகு தன் நாட்டுக்குத் திரும்பி இதை ஆரம்பித்தார். நடிகன், இயக்குகிறவன், மேடையும் உடையும் வடிவமைக்கிறவன், விளக்கு பார்க்கிறவன் எல்லாரையும் ஒரே கூரையின் கீழ் சேர்த்துப் படிக்க வைக்க வேண்டும், ஒருத்தன் வேலை இன்னொருத்தனுக்குத் தெரிய வேண்டும் என்பது அவர் கொள்கை. வருடம் 1954. பிரெஞ்சுக்காரர்கள் இங்கே கொடியை இறக்கிய அதே வருடம்.

மேடையின் பக்கங்களுக்கு பிரெஞ்சில் வலது, இடது என்று சொல்ல மாட்டார்கள் என்று பேத்திக்கு நான் சொன்னேன். நடிகனுக்கு வலது என்றால் பார்க்கிறவனுக்கு இடது, குழப்பம் வரும். அதனால் ஒரு பக்கம் 'கூர்', அதாவது முற்றம். இன்னொரு பக்கம் 'ழார்தேன்', தோட்டம். பாரிஸில் துய்லெரி அரண்மனையில் நாடகம் நடந்த காலத்தில் ஒரு பக்கம் முற்றமும் ஒரு பக்கம் தோட்டமும் இருந்ததால் வந்த பெயர். பார்க்கிறவனுக்கு இடது கைப்பக்கம் தோட்டம், வலது கைப்பக்கம் முற்றம். எந்த ஊர் மேடையானாலும் இதுதான். பள்ளிக்கூடத்தில் மெத்ர் சொன்னது அறுபது வருடம் கழித்து உதவியது. பேத்தி அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். எனக்கு உள்ளூரப் பெருமை.

இந்த நாடகத்துக்கு அவளுக்குக் கிடைத்த பொறுப்பு மேடை வடிவமைப்பு. மாணவர்கள் தாங்களே எழுதிய நாடகம். களம் ஒரு சர்க்கார் ஆபீஸ், எழுபதுகளில். ஒரு கிளார்க், ஒரு சூப்பிரண்டு, ஒரு பியூன், பென்ஷன் கேட்டு நடையாய் நடக்கும் ஒரு கிழவி. ஒரு ஞாயிற்றுக்கிழமை டேப்பும் நோட்டுமாக என் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"தாத்தா, உங்க ஆபீஸ் எப்படி இருக்கும்?"

"ஆபீஸ் மாதிரி இருக்கும்."

அவள் விடவில்லை. மேசை எத்தனை அடி? டிராயர் எந்தப் பக்கம்? குடையை எங்கே மாட்டுவீர்கள்? ஃபைலை அடுக்கினால் நாடா எந்தப் பக்கம் தொங்கும்? ஜன்னல் உங்களுக்கு முன்னாலா பின்னாலா? சாயங்காலம் எத்தனை மணிக்கு விளக்கு போடுவீர்கள்? கேட்கக் கேட்க நான் மறந்துபோனதெல்லாம் திரும்பி வந்தது. எங்கள் ஆபீஸ் பழைய பிரெஞ்சு வீடு. உயரமான கூரை, தூணுள்ள தாழ்வாரம். ஜன்னல் கிழக்கே கடலைப் பார்த்து. காலையில் மேசை மேல் வெயில் அடிக்கும், மூன்று மணிக்கே இருட்டிவிடும். ஊசியில் குத்திய பழைய ரசீதுகள், ஸ்டாம்ப் பேட், சிவப்பு நாடா, காற்றில் பறக்காமல் இருக்க உடைந்த டைல்ஸ் துண்டு ஒன்று பேப்பர் வெயிட்டாக. சூப்பிரண்டு அறைக் கதவு எனக்கு வலது பக்கம் பின்னால். அதனால் அவர் வருவது கண்ணுக்குத் தெரியாது, செருப்புச் சத்தம்தான் தெரியும்.

"அப்படியா?" என்று அவள் எழுதுவதை நிறுத்தினாள். "கதவை எதிர்ல வைக்கலாம்னு இருந்தேன். பின்னாலதான் வைக்கணும்."

அட்டையில் மாதிரி செய்தாள். இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவு. எட்டு மீட்டர் மேடை முப்பத்திரண்டு சென்டிமீட்டருக்குள் வந்துவிட்டது. கட்டைவிரல் அளவில் ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு பீரோ. டார்ச் விளக்கைப் பல பக்கமும் பிடித்துப் பார்ப்பாள். நேரே மேலிருந்து அடித்தால் கண் குழியில் நிழல் விழுந்து முகம் மண்டையோடு மாதிரி ஆகிவிடும், கீழேயிருந்து அடித்தால் பேய், இரண்டு பக்கமும் சாய்வாக அடித்தால்தான் மனுஷ முகம் என்று காட்டினாள். பச்சைத் துணியைச் சிவப்பு வெளிச்சத்தில் காட்டினால் கறுப்பாகிவிடுகிறது. துணி எடுக்கிறவர் விளக்குக்காரரைக் கேட்காமல் துணி எடுத்தால் மாட்டிக்கொள்வார். கிளார்க்குக்குப் புதுச் சட்டை வாங்கி, டீத் தண்ணீரில் ஊறப்போட்டுப் பழசாக்கினார்கள். காலரை அரத்தால் தேய்த்து நூல் பிரித்தார்கள். "புதுசை வாங்கிப் பழசாக்கறதுக்கா படிப்பு? உங்க தாத்தா சட்டையே பரண்ல கிடக்குதே" என்றாள் என் வீட்டுக்காரி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பையனைக் கூட்டி வந்தாள். கிளார்க்காக நடிக்கப் போகிறவன். விழுப்புரம் பக்கத்துப் பிள்ளை, தெருக்கூத்துக் குடும்பம். ஒல்லியாக, பணிவாக இருந்தான்.

"சார், ஆபீசர் வந்தா நீங்க எப்படி எழுந்திருப்பீங்க? ஒரு தரம் காட்டுங்க சார்" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. நீயே செய் என்றேன். அவன் துள்ளி எழுந்து, கைகட்டி, முதுகை வளைத்து நின்றான். சினிமாவில் பார்த்தது. "அவ்வளவு வேண்டாம் தம்பி" என்று நானே மேசையில் உட்கார்ந்தேன். பேத்தி பின்னால் நின்று செருப்பைத் தேய்த்து நடந்தாள்.

உடம்புக்கு ஞாபகம் இருந்தது. முதலில் பேனா மூடி. பிறகு கால் இரண்டும் நாற்காலியைப் பின்னால் தள்ளும், கை வேண்டாம். இடது கை மேசையில் ஊன்றும். பாதி எழுந்து அப்படியே நிற்பேன். அவர் பார்த்தால் மீதி எழுவேன். பார்க்காமல் போய்விட்டால் சத்தமில்லாமல் உட்கார்ந்துவிடுவேன்.

"ஏன் சார் பாதியில நிக்கறீங்க?"

"முழுசா எழுந்தா கண்ணுல படுவோம். எழுந்திருக்கலைன்னாலும் கண்ணுல படுவோம்."

அவன் அதைத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தான். கடைசியில், "அப்ப மனசுல என்ன சார் ஓடும்?" என்று கேட்டான். முப்பத்தொன்பது வருடம் வேலை பார்த்தேன். யாரும் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. "ஒண்ணும் ஓடாது" என்று சொல்லிவிட்டேன். பிறகு சமாளித்துக்கொண்டு, "தப்பு என்னன்னு தேடிட்டிருப்பேன். தப்பே செய்யாத நாளிலும் தேடுவேன்" என்றேன். அவன் தலையாட்டினான். எழுதிக்கொள்ளவில்லை. உடம்பில் எழுதிக்கொண்டான் போல.

சனிக்கிழமை நாடகத்துக்கு வருகிறேன். இருட்டில் உட்கார்ந்தோம். விளக்கு வந்ததும் எனக்கு மூச்சு நின்றுவிட்டது. என் மேசை. என் ஜன்னல், தோட்டத்துப் பக்கம். காலை வெயில் சாய்ந்து மேசை மேல் விழுகிறது. மேசை மூலையில் உடைந்த டைல்ஸ் துண்டு. பின்னால் கதவு. பையன் எழுதிக்கொண்டிருக்கிறான். செருப்புச் சத்தம் கேட்கிறது. பேனாவை மூடுகிறான். நாற்காலி நகர்கிறது. கையை ஊன்றிப் பாதி எழுந்து நிற்கிறான். சூப்பிரண்டு பார்க்கவே இல்லை, ஏதோ காகிதத்தைப் புரட்டிக்கொண்டே நிற்கிறார். பையன் அப்படியே நிற்கிறான். சபையில் யாரோ சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. ஊன்றிய கை மெல்ல நடுங்கியது. அது நான் சொல்லிக் கொடுக்காதது.

அப்போது எனக்குத் தோன்றியது என்னைப் பற்றி அல்ல. 1995-இல் என் மேசைக்குப் பக்கத்தில் ஒரு விண்ணப்பத்தோடு நின்ற பையனைப் பற்றி. போகவும் இல்லை, பேசவும் இல்லை, நான் நிமிர்வேனா என்று பார்த்துக்கொண்டு நின்றான். நான் கணக்கு எழுதிக்கொண்டே இருந்தேன். ஆபீசில் நான் பாதி எழுந்து நின்றேன். வீட்டில் இன்னொருத்தனை நிற்க வைத்தேன். அவன் மனதில் அப்போது என்ன ஓடியது என்று நான் கேட்டதில்லை. அந்தப் பையன் என் பக்கத்து நாற்காலியில் நரைத்த தலையோடு உட்கார்ந்து நாடகம் பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பி அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

திரும்பி வரும்போது கிழக்குக் கடற்கரைச் சாலையில் கொஞ்ச தூரம் இருவரும் பேசவில்லை. பிறகு அவன் சொன்னான்.

"ரெண்டாவது காட்சியில அந்தக் கிழவி போறப்போ லைட்டைக் கொஞ்சம் சீக்கிரம் இறக்கிட்டாங்கப்பா. அவங்க படி இறங்கற வரைக்கும் விட்டிருக்கணும்."

"உனக்கு எப்படிடா தெரியும் இதெல்லாம்?"

"பார்த்துப் பார்த்துத்தான். தொண்ணூத்தாறுலேர்ந்து காலாப்பட்டுல நாடகம் போட்டா முடிஞ்ச வரைக்கும் போயிடுவேன்."

சிநேகிதன் வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போன மாலைகள் எல்லாம் அதற்குத்தானாம். கல்யாணத்துக்கு முன்னால் தனியாக, பிறகு பெண்டாட்டியோடு, பிறகு மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு. அவளுக்கு எங்கிருந்து இந்தப் பித்து வந்தது என்று நான் இரண்டு வருடமாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

"அன்னைக்கு நான் கையெழுத்துப் போட்டிருக்கணும்டா" என்றேன்.

அவன் உடனே பதில் சொல்லவில்லை. சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தான். "போட்டிருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும்பா" என்றான். பரவாயில்லை என்று சொல்லவில்லை. அதில் எனக்கு வருத்தம் இல்லை. உண்மையைச் சொன்னான்.

நாடகம் படித்தால் வேலை கிடைக்குமா என்ற கேள்விக்கு இன்றும் என்னிடம் பதில் இல்லை. சிலர் வாத்தியார் ஆகிறார்கள், சிலர் சினிமாவுக்குப் போகிறார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லித்தரும் வேலை இப்போது கொஞ்சம் இருக்கிறது. சிலர் கஷ்டப்படுகிறார்கள். ஆனால் அந்தப் படிப்பில் என்ன சொல்லித்தருகிறார்கள் என்பது ஓரளவு தெரிந்துவிட்டது. ஒரு மனுஷன் எப்படி நிற்கிறான், ஏன் அப்படி நிற்கிறான், அவன் மேல் எந்தப் பக்கத்திலிருந்து வெளிச்சம் விழுகிறது என்று உற்றுப் பார்க்கச் சொல்லித்தருகிறார்கள். இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள் ஒரு பழைய கிளார்க்கை இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் பார்த்த அளவுக்கு, நான் என் பிள்ளையை அத்தனை வருடத்தில் பார்க்கவில்லை.

அட்டை மாதிரி இப்போது எங்கள் வீட்டு ஷெல்ஃபில் இருக்கிறது. மறுநாள் காலை பெரியவன் அதன் முன்னால் குனிந்து நின்றுகொண்டிருந்தான். ஒரு விரலால் பீரோவைக் கொஞ்சம் நகர்த்தி வைத்து, "இது ஜன்னலுக்குப் பக்கத்துலதானேப்பா இருக்கும்? சின்ன வயசுல உங்க ஆபீசுக்கு வந்திருக்கேன்" என்றான். அவன் சொன்னதுதான் சரி. நான் பேத்தியிடம் தப்பாகச் சொல்லியிருந்தேன்.

உங்கள் வீட்டிலும் மகனோ பேரப்பிள்ளையோ இப்படி ஏதாவது ஒரு காகிதத்தோடு வந்து பக்கத்தில் நிற்கலாம். கையெழுத்துப் போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம். எழுதுவதை நிறுத்திவிட்டு, தலையை நிமிர்த்தி ஒரு தரம் பாருங்கள்.